முட்டிக்கு வெளிப்பக்கம் வலி: யோகா டீச்சர் ஒன்று சொல்கிறார், பிசியோ வேறொன்று சொல்கிறார்

அடையாறு ஆமை
அக்டோபர் 6, காலை 8:40

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, எடை 79 கிலோ, வேலை நாள் முழுக்க நாற்காலியில். ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் நான்கு நாள், மொத்தம் 30 கிலோமீட்டர் சொச்சம். வரும் ஜனவரி சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டருக்குப் பணம் கட்டியாயிற்று.

சிக்கல் இடது முட்டியின் வெளிப்பக்கம். முதல் 5 கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. 6 தாண்டியதும் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல ஆரம்பிக்கும். நின்றால் போய்விடும். மறுபடி ஓடினால் 200 மீட்டரில் திரும்ப வரும். மாடிப்படி ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது சுருக்கென்கிறது. வீக்கம் கிடையாது, முட்டி மாட்டிக்கொள்வதும் கிடையாது.

எங்கள் ஓட்டக் குழுவின் கோச், "இது ஐடி பேண்ட் வலி, தொடைப் பக்கவாட்டுப் பட்டை. ஃபோம் ரோலர் உருளை வாங்கி அதன்மேல் உருட்டு" என்றார். உருட்டினேன், அலறினேன், அவ்வளவுதான். யோகா டீச்சர், "தொடையும் இடுப்பும் இறுகிக் கிடக்கின்றன, புறா ஆசனத்தில் தினமும் மூன்று நிமிடம் இரு" என்றார். இருக்கும்போது சுகமாக இருக்கிறது, மறுநாள் 6ஆவது கிலோமீட்டரில் அதே வலி. போன வாரம் பிசியோ ஒருவரைப் பார்த்தேன். அவர், "இழுப்பதையெல்லாம் நிறுத்து, உனக்கு வலு போதாது" என்று ஒரு தாளில் நான்கு பயிற்சி எழுதிக் கொடுத்தார். யார் பேச்சைக் கேட்பது?

---

தைலப்புட்டி
அக்டோபர் 6, காலை 9:05

என் பேச்சைக் கேளுங்கள். காயத்திருமேனித் தைலம், இளஞ்சூடு, ராத்திரி தடவி ஒரு பழைய துணியைச் சுற்றிப் படுக்க வேண்டியது. எங்கள் தாத்தா 80 வயது வரை வயலுக்கு நடந்தார்.

---

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு
அக்டோபர் 6, காலை 11:30

தைலம் தம்பி, தாத்தா நடந்தார், இவர் ஓடுகிறார். வித்தியாசம் இருக்கிறது.

ஆமை சார், நான் கோயம்புத்தூர், வயது 58. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், தினமும் நான்கு சுற்று. உங்கள் வலி எனக்கு வந்ததில்லை. ஆனால் "இறுக்கமாக இருக்கிறது, அதனால் இழுக்கிறேன்" என்று போய் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வலி புட்டத்துக்கு அடியில், உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் அந்த எலும்பில். வேகமாக ஓடினால் வரும், அப்புறம் காரில் நீண்ட நேரம் உட்கார்ந்தால் வரும். சேலம் போய் இறங்குவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். பின்தொடை கயிறு மாதிரி விறைத்திருப்பதாகத் தோன்றும். சரி, இறுகிவிட்டது என்று காலையும் மாலையும் பச்சிமோத்தாசனம், உத்தானாசனம் என்று முன்னால் குனிகிற ஆசனங்கள். நெற்றி முட்டியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் எனக்குத்தான் பாராட்டு. வலி மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் விளையாட்டுக் காயங்கள் பார்க்கும் டாக்டர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "தினமும் குனிகிறீர்களா?" பின்தொடைத் தசை அந்த உட்காரும் எலும்பில்தான் ஒரு தசைநாணால் கட்டப்பட்டிருக்கிறதாம். இடுப்பை நன்றாக மடித்துக் குனியும்போது அந்தத் தசைநாண் எலும்பின்மேல் அழுந்தி நசுங்குகிறது. ஏற்கெனவே புண்பட்ட தசைநாணை நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பக்தியோடு, எலும்பில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். யோகா ஆசிரியர்களுக்கே இது அடிக்கடி வருகிறது என்றார்.

மூன்று மாதம் குனியவே கூடாது என்று தடை. பதிலுக்கு சேதுபந்தாசனத்தில் இடுப்பைத் தூக்கி 45 விநாடி நிற்பது, அப்புறம் அதையே ஒற்றைக் காலில், அப்புறம் எடை தூக்குவது. சரியாக ஏழு மாதம் ஆனது. அதுவும் ஆசனம்தான், இதுவும் ஆசனம்தான். ஒன்று கெடுத்தது, ஒன்று காப்பாற்றியது.

---

பிசியோக்கா
அக்டோபர் 6, மாலை 7:15

பதினொரு வருடமாக பிசியோதெரபிஸ்ட். ஓட்டக்காரர்கள் நிறைய வருகிறார்கள், பாதிப்பேர் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால்தான் வருகிறார்கள். நீங்கள் மூன்று மாதம் வைத்துக்கொண்டு கேட்பதே பெரிய விஷயம்.

நேரில் பார்க்காமல் நோய்ப்பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஐடி பேண்ட் வலிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. குறிப்பிட்ட தூரத்தில் வருவது, நின்றால் மறைவது, படி இறங்கும்போது குத்துவது, வெளிப்பக்கம் மட்டும்.

ஐடி பேண்ட் என்பது தசை இல்லை. இடுப்பெலும்பின் பக்கத்திலிருந்து முட்டிக்குக் கீழே வரை வருகிற தடித்த நார்ப்பட்டை. வழி நெடுக தொடை எலும்போடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. லாரி டயரை உருட்டுக்கட்டையால் தேய்த்து நீளமாக்க முடியுமா? ரோலரால் அதை நீட்டுவதும் அப்படித்தான். உருட்டினால் கொஞ்ச நேரம் வலி மரத்த மாதிரி இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முட்டி ஏறத்தாழ 30 டிகிரி மடங்கும் இடத்தில் அந்தப் பட்டை எலும்பின் மேட்டில் அழுத்துகிறது, அடியில் இருக்கும் கொழுப்புத் திசு உறுத்தலாகிறது. கால் தரையில் படும்போது முட்டி இருப்பது ஏறக்குறைய அந்தக் கோணத்தில்தான். அதனால்தான் நடந்தால் வருவதில்லை, ஓடினால் வருகிறது.

ஏன் அழுத்துகிறது? பல காரணம் உண்டு. நான் அதிகம் பார்ப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குத் தாங்கும் திறன் போதாமல், ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு எட்டிலும் எதிர்ப்பக்க இடுப்பு தொய்ந்து, முட்டி உள்ளே சாய்வது. ஒரு கணக்குப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நிமிடத்துக்கு 160 எட்டு என்றால் 1,120 எட்டு. இடது காலுக்கு 560. ஆறு கிலோமீட்டரில் 3,360 தடவை உங்கள் உடல் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு அந்த ஒரு காலில் இறங்குகிறது. தசை களைத்துப்போகிற இடம்தான் உங்கள் 6ஆவது கிலோமீட்டர்.

மூன்று கேள்வி. சமீபத்தில் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினீர்களா? சாலையில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுகிறீர்களா? படியில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக இறங்கும்போது முட்டி எங்கே போகிறது? யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

---

பாய் விரிச்சாச்சு
அக்டோபர் 6, இரவு 9:50

மயிலாப்பூரில் யோகா வகுப்பு எடுக்கிறேன். இழை போகிற போக்கில் நான்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன் போலிருக்கிறது.

ரேஸ்கோர்ஸ் சாருக்கு நடந்தது உண்மை. நானே இரண்டு மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் அது யோகாவின் தவறா, நெற்றி முட்டியைத் தொட்டதும் கைதட்டுகிற வகுப்பின் தவறா? யோக குரு கிருஷ்ணமாச்சாரியார் தன் கடைசிக் காலம் வரை சென்னையில் தனி ஆளாக உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கு ஏற்ற ஆசனம். ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைப்பது இல்லை. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோகப் பள்ளியிலும் அதே வழிதான். முப்பது பேரை வரிசையாக நிறுத்தி எல்லோரும் புறா ஆகு என்பது பின்னால் வந்த பழக்கம்.

பிசியோக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒற்றைக் காலில் இறங்கும் பயிற்சிக்கும் வீரபத்ராசனம் மூன்றுக்கும், அதாவது அந்த ஆசனத்தின் மூன்றாவது வகைக்கும், என்ன வித்தியாசம்? ஒற்றைக் கால், இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், மூச்சு நிதானம். நாங்கள் செய்வதற்குத்தானே நீங்கள் இங்கிலீஷில் வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள்?

---

பிசியோக்கா
அக்டோபர் 7, காலை 6:20

கோபமெல்லாம் இல்லை டீச்சர், நல்ல கேள்வி. வீரபத்ராசனம் மூன்று அருமையான தொடக்கம். நானே கொடுக்கிறேன். ஆனால் மூன்று வாரத்தில் உடல் அதற்குப் பழகிவிடும். அப்புறம் 30 விநாடியை 60 ஆக்கலாம், அது பொறுமையை வளர்க்கும், வலுவை அவ்வளவாக வளர்க்காது. வலு கூட வேண்டுமென்றால் சுமை கூட வேண்டும். யோகா பாயில் உங்கள் எடைதான் உச்சவரம்பு. ஓட்டத்தில் அது ஒவ்வொரு எட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல். இடைவெளியை யார் நிரப்புவது?

ஓடுவதற்கு முன்னால் இழுத்து நிறுத்துகிற ஸ்ட்ரெச்சிங் காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் நம் ஊரில் அசைக்க முடியாதது. 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் கொடுத்து, இன்னொரு பாதிக்குக் கொடுக்காமல், 12 வாரம் பார்த்தார்கள். கால் காயங்களில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. யார் உடல் தகுதியோடு வந்தார்களோ அவர்களுக்குத்தான் காயம் குறைவு.

---

பாய் விரிச்சாச்சு
அக்டோபர் 7, காலை 7:02

ஓடுவதற்கு முன்னால் இழுக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. சூரிய நமஸ்காரம் நான்கு சுற்று, நிற்காமல், மூச்சோடு. உடல் சூடாகும், இடுப்பும் கெண்டைக்காலும் ஓட்டத்துக்குத் தயாராகும், அவ்வளவுதான். நீளமாகத் தங்குகிற ஆசனங்கள் சாயங்காலத்துக்கு. சுமை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பாதி.

---

அடையாறு ஆமை
அக்டோபர் 8, இரவு 10:10

பிசியோக்கா, மூன்றுக்கும் பதில்.

ஒன்று, ஆமாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 9 கிலோமீட்டராக இருந்தது. ஆகஸ்டு கடைசியில் குழுவோடு உற்சாகத்தில் ஒரே தாவலாக 14 ஓடினேன். வாரக் கணக்கில் கொஞ்சம்தான் கூடியது என்பதால் தப்பாகத் தெரியவில்லை. வலி அதற்கு அடுத்த வாரம் வந்தது. எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

இரண்டு, ஒரே பக்கம்தான். சாலையின் இடது ஓரம், போக்குவரத்தோடு போகிற திசை. பெசன்ட் நகர் போய்த் திரும்பி வரும்போதும் எதிர்ச்சாரிக்குப் போய் அங்கேயும் இடது ஓரம்.

மூன்றாவதுதான் அதிர்ச்சி. மாடிப்படியில் கடைசிப் படி. இடது காலில் நின்று வலது குதிகால் தரையைத் தொடும் வரை இறங்க வேண்டும். மகள் கீழே தரையில் உட்கார்ந்து செல்போனில் எடுத்தாள். வலது காலில் நின்றபோது ஆடாமல் இறங்கினேன். இடது காலில் மூன்றாவது தடவையே முட்டி கட்டை விரலைத் தாண்டி உள்ளே போகிறது, வலது இடுப்பு தொபுக்கென்று கீழே விழுகிறது, கை தானாகச் சுவரைத் தேடுகிறது. நான் நேராக நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அப்பா, நீங்கள் வாத்து மாதிரி இறங்குகிறீர்கள்" என்றாள். ஆமை என்று பெயர் வைத்தது தப்பு.

---

பிசியோக்கா
அக்டோபர் 9, காலை 6:05

மகளுக்கு என் வாழ்த்து. பாதி நோய் கண்டுபிடித்துவிட்டாள்.

சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், மழைத் தண்ணீர் வடிய. இடது ஓரத்திலேயே ஓடினால் இடது கால் எப்போதும் பள்ளத்தில். இந்த வலி தாழ்ந்த பக்கக் காலில் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். தட்டையான இடத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் எதிரே வண்டி வருவதைப் பார்த்தபடி வலது ஓரம். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டாம். வலி வருவதற்கு முன்னால் நில்லுங்கள், 4 கிலோமீட்டர் போதும். நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணி, அதே வேகத்தில் 5 சதவீதம் கூட்டுங்கள். எட்டு சிறிதாகும், முட்டிக்கு வருகிற சுமை குறையும். 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நம்மைப் போலப் பொழுதுபோக்காக ஓடுகிற 45 பேரை வைத்து அளந்து பார்த்த விஷயம் இது. 180தான் சரி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களைப் பார்த்து ஜாக் டேனியல்ஸ் என்கிற கோச் எண்ணியது. நீங்களும் நானும் ஒலிம்பிக்கில் இல்லை.

உங்கள் பிசியோ எழுதிய தாளை அப்படியே செய்யுங்கள். நல்ல தாள்.

---

வாசலில் ஷூ
அக்டோபர் 9, மதியம் 2:30

ஆமை அண்ணாவின் வலி ஓடினால் வருகிறது, நின்றால் போகிறது. அப்படி இல்லாத வலிக்கு இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்துவிடக் கூடாது என்பதற்காக என் கதை.

மதுரை, வயது 34. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுவேன். போன வருடம் வலது முன்னங்கால் எலும்பில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, வலி. முதலில் ஓடும்போது மட்டும். அப்புறம் நடந்தாலும். அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று. எல்லோருக்கும் வருகிற முன்னங்கால் வலிதான் என்று அதோ முக ஸ்வானாசனம், வஜ்ராசனம், கெண்டைக்கால் ஸ்ட்ரெச், எல்லாம் செய்தேன். வீட்டில் அத்தை, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றார். இன்னொருவர் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடச் சொன்னார். தேய்த்தும் விட்டார்கள். கண்ணில் பூச்சி பறந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தது. நிம்மதியாக இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். அப்புறம் வேறொரு டாக்டர் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். ஒரே குதி. எம்ஆர்ஐயில் எலும்பில் மயிரிழை விரிசல். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். அதற்கு முந்தைய நான்கு மாதம் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. எடை குறைய வேண்டும் என்று ராத்திரி சோற்றை நிறுத்தியிருந்தேன், ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், தொல்லை விட்டது என்று. டாக்டர் எலும்பைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அதைத்தான். சாப்பிடுவது ஓட்டத்துக்கே செலவாகிவிட்டால் உடம்பு மற்ற கணக்கையெல்லாம் மூடிவிடும், எலும்புக் கணக்கு உட்பட. வைட்டமின் டியும் தரைமட்டம். இந்த வெயில் ஊரில்! விடிவதற்கு முன்னால் ஓடி முடித்து, முழுக்கை போட்டு, பகலெல்லாம் ஆபீஸுக்குள் இருந்தால் வேறென்ன ஆகும்.

எட்டு வாரம் ஓட்டம் இல்லை. பயிற்சியால் இல்லை, சோற்றால்தான் திரும்பி வந்தேன்.

---

பிசியோக்கா
அக்டோபர் 9, மாலை 6:45

இந்தப் பதிவை மட்டுறுத்துநர் மேலே ஒட்டி வைத்தால் நன்றாக இருக்கும். கூடவே ஒன்று: ஓடுகிறவர்களுக்குத் தொடை இடுக்கில் ஆழமாக வலி, காலை ஊன்றினால் கூடுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம், அது முழுதாக உடைந்தால் அறுவை சிகிச்சைதான். அங்கே ஆசனமும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

---

தைலப்புட்டி
அக்டோபர் 9, இரவு 8:00

சரி, தைலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஐஸ் கட்டியாவது வைக்கலாமா? அதையும் பிடுங்கிக்கொள்வீர்களா?

---

பிசியோக்கா
அக்டோபர் 9, இரவு 8:25

வலி குறையக் கொஞ்ச நேரம் வைக்கலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வைப்பது என்ற சூத்திரத்தை 1978இல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். பல வருடம் கழித்து அவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதி, தன் பேச்சை மாற்றிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்ததே அதற்குப் பிறகுதான்.

---

ஈஸ்ட் கோஸ்ட் சிங்கை
அக்டோபர் 11, காலை 9:40

சிங்கப்பூரிலிருந்து. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிற கூட்டத்தில் ஒருவன். எனக்குக் குதிகால். காலையில் கட்டிலை விட்டு முதல் எட்டு வைத்தால் முள்மேல் நிற்கிற மாதிரி, பத்து எட்டு நடந்தால் குறையும். ஒரு வருடம் பாதத்துக்கு அடியில் பாட்டிலை வைத்து உருட்டினேன், துண்டால் பாதத்தை இழுத்தேன்.

பிறகு இங்கே ஒரு பிசியோ சொன்னது, டென்மார்க்கில் 2014இல் வெளிவந்த ஒரு முறை. துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மூன்று விநாடி ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். 12 தடவைக்கு மேல் முடியாத அளவு சுமை. முதுகுப் பையில் புத்தகம் போட்டுக் கூட்டிக்கொண்டே போவது. மூன்று மாதத்தில் காலை வலி போய்விட்டது.

குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாணுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் எலும்பு டாக்டர், தனக்கே அந்த வலி வந்து, மேலதிகாரியிடம் அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டாராம். மறுத்துவிட்டார்கள். அறுந்தே போனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும் பயிற்சியை வேண்டுமென்றே செய்தார். அறுந்துபோகவில்லை, சரியாகிவிட்டது! 1998இல் அதையே 15 பேருக்குக் கொடுத்தார், நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் ஓடப் போய்விட்டார்கள். அவர்களும் நம் மாதிரி ஆட்கள்தான், சராசரி வயது 44.

---

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு
அக்டோபர் 11, காலை 10:15

அப்படியே என் கதை, தலைகீழாக. நான் சரியாக்கப் போய்க் கெடுத்தேன், அவர் கெடுக்கப் போய்ச் சரியாக்கிக்கொண்டார்.

---

அடையாறு ஆமை
நவம்பர் 16, இரவு 9:30

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பாதி நாள் மழை. எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர், ஓட்டத்துக்குப் பதில் நீச்சல்தான் போட வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிசியோ கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். முதல் வாரம் நான்கு நாள் செய்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாள். மூன்றாவது வாரம் தாளின்மேல் பால் கணக்கு எழுதியிருந்தது. வலிக்காத பயிற்சி, வியர்க்காத பயிற்சி, யாரும் பார்க்காத பயிற்சி. மனசு வரவில்லை.

யோகா வகுப்புக்கு மட்டும் தவறாமல் போனேன். ஆறு மணிக்குப் பாயைப் போட்டால் எழுந்துகொள்ள முடியாது, அதனால். ஒரு நாள் டீச்சரிடம் (எங்கள் டீச்சர், இங்கே எழுதுகிறவர் இல்லை) தாளை நீட்டி இதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சுளிப்பார் என்று பயந்தேன். புறா ஆசனத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வீரபத்ராசனம் மூன்று, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் கால் சேதுபந்தாசனம், கடைசியில் வகுப்பு வாசலில் இருக்கிற படியில் இறங்கும் பயிற்சி. சுமைக்கு, வீட்டில் வாங்கி வைத்திருந்த பச்சரிசி 5 கிலோ பையை முதுகுப் பையில் போட்டு எடுத்துப்போனேன். வகுப்பில் இருக்கிற மாமிகள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாவது நாள் ஒருவர், "எனக்கும் படி இறங்கினால் முட்டி வலிக்கிறது, அந்தப் பையைக் கொடு" என்றார்.

இப்போது 8 கிலோமீட்டர் வலி இல்லாமல் ஓடுகிறேன். 9இல் லேசாகத் தலைகாட்டுகிறது. நிமிடத்துக்கு 158 எட்டு வைத்தது இப்போது 166.

---

பாய் விரிச்சாச்சு
நவம்பர் 16, இரவு 10:05

பிசியோக்கா, நான் பாதி என்று சொன்னதன் மீதிப் பாதி இதுதான். உங்கள் தாள் சரியான தாள். ஆனால் அதற்கு ஒரு நேரமும் இடமும் பக்கத்தில் நாலு பேரும் இல்லை. எங்களிடம் அது மூன்றும் இருக்கிறது. நாங்கள் கூடுதலாகக் கொடுப்பது அரை மணி நேரம் யாரும் போனைத் தொடாமல் இருப்பது. என்னிடம் வரும் ஓட்டக்காரர்கள் பலர் சரியாகத் தூங்குவதே இல்லை. பத்தரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது சுவரில் காலை நீட்டி விபரீதகரணி பத்து நிமிடம், மூச்சை விடுவது இழுப்பதைவிட நீளமாக. பலர் அப்படியே குறட்டை விடுகிறார்கள். எழுப்ப மாட்டேன்.

---

பிசியோக்கா
நவம்பர் 17, காலை 6:10

இதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். நான் கொடுத்த தாள்களில் எத்தனை பால் கணக்காகப் போனதோ. அந்தக் காந்தத்தில்தான் என் தொழில் தொங்குகிறது.

ஒரு திருத்தம் மட்டும். புறா ஆசனத்தை நிரந்தரமாகத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. அது கெடுத்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், உதவவில்லை, அவ்வளவுதான். ஆமை சார், ஞாயிறு ஓட்டத்தை ஒரு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். டிசம்பர் கடைசிக்குள் 15 தொட்டால் போதும், மீதி 6 கிலோமீட்டரைக் கூட்டமும் நாதஸ்வரமும் ஓட்டிக் கொடுத்துவிடும். வலித்தால் நடங்கள். நடந்து முடித்தாலும் அதே பதக்கம்தான்.

---

அடையாறு ஆமை
ஜனவரி, போட்டி முடிந்த மறுநாள்

2 மணி 41 நிமிடம். 17ஆவது கிலோமீட்டரில் பழைய நண்பர் எட்டிப் பார்த்தார். பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு. ஒரு நிமிடம் நடந்தேன், எட்டைச் சின்னதாக்கினேன், மறுபடி ஓடினேன். மூன்று தடவை அப்படி. கடைசி ஒரு கிலோமீட்டரில் முட்டி ஞாபகமே இல்லை, கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டதில் வேறெதுவும் தெரியவில்லை. இன்று மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிறேன்.

மகள் படியில் மறுபடி வீடியோ எடுத்தாள். வாத்து இல்லை, கொக்கு என்கிறாள். முன்னேற்றம்தான் போலிருக்கிறது.

ஒரே ஒரு பிரச்சினை. பொங்கல் வருகிறது. பையில் இருந்த பச்சரிசியை வீட்டில் கேட்கிறார்கள்.

---

தைலப்புட்டி
ஜனவரி, அதே நாள், இரவு

கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு ஐந்து லிட்டர் தைலம் அனுப்புகிறேன், எடை சரியாக இருக்கும்.

---

பிசியோக்கா
ஜனவரி, அதே நாள், இரவு

ஐந்து கிலோ இனிமேல் போதாது. பொங்கல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எட்டு ஆக்கலாம்.